சைனா இவி மைவியைவிட மலிவா? கிள்ளான்காரன் கணக்கு

பூச்சோங் தம்பி, 4 அக்டோபர் 2025, மாலை 6.10

ஆபீஸ்ல ஒரே பேச்சு. சைனா இவி, அதான் மின்சாரக் காடி, எடுத்தா மாசம் 300 ரிங்கிட் மிச்சம், உன் பெட்ரோல் மைவியைத் தள்ளிட்டு எடுத்துடுன்றாங்க. தினமும் ஓட்டுறவங்க யாராச்சும் உள்ளதைச் சொல்லுங்க. மாசம் 1,200 கிலோமீட்டர் ஓடும். இருக்கிறது கொண்டோ, 11-வது மாடி.

கிள்ளான்காரன், 4 அக்டோபர் 2025, இரவு 9.40

மைவிக்கு நூறு கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர்னு வச்சுக்க. 1,200-க்கு 78 லிட்டர். பூடி95, அதான் அரசாங்கப் பெட்ரோல் மானியம், வந்ததிலிருந்து லிட்டர் 1.99. மொத்தம் 155 ரிங்கிட். நீ எண்ணெய் அடிக்கிறதே 155-க்குத்தான், அதுல 300 மிச்சம் பிடிக்கிறது எப்படின்னு உன் ஆபீஸ்ல கேட்டுச் சொல்லு, நானும் கத்துக்கிறேன்.

என்கிட்ட இருக்கிறது சைனா இவிதான். தினம் கிள்ளான்ல இருந்து ஷா ஆலம் வழியா சுபாங் வரைக்கும் போய் வர்ற காடி, பிள்ளையை டியூஷனுக்கு விடுற காடி, பசாருக்குப் போற காடி எல்லாம் அதுதான். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னா பாதிப் பேர் திட்ட வருவாங்க, மீதிப் பேர் ஏஜெண்டு நம்பர் கேப்பாங்க. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, 50 கிலோவாட்-மணிக்குக் கீழே. இதுக்கு மேல தெரிஞ்சு ஆகப்போறது ஒண்ணுமில்லை.

உன் கேள்வியில முக்கியமானது கடைசி வரிதான். 11-வது மாடியில இருந்து ஒயர் விடுவியா? சார்ஜ் எங்க பண்ணப்போறேன்னு முதல்ல சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்.

5 அக்டோபர் 2025, காலை

ராத்திரி எழுதினது அவசரத்துல. இப்ப டிஎன்பி கரண்டு பில்லை முன்னால வச்சுக்கிட்டு எழுதுறேன்.

வீட்டுக்கு மட்டும் மாசம் 400 யூனிட் ஆகுதுன்னு வச்சுப்போம். ரெண்டு ஏர்கான், ஒரு ஃபிரிஜ், சாதாரணத் தாமான் வீடு. காடி 1,200 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 180 யூனிட் தின்னும். சார்ஜ் ஆகும்போது சூடாப் போறதையும் சேர்த்தா 200.

ஜூலை 2025-ல கட்டணம் மாறிச்சு. யூனிட்டுக்கு 27.03 சென் மின்சாரத்துக்கு, 4.55 கொள்ளளவுக்கு, 12.85 மின்கம்பி வலையமைப்புக்கு. கூட்டினா 44.43. இதுல குறைச்சலாப் பயன்படுத்துற வீட்டுக்கு ஒரு கழிவு உண்டு. சூட்சுமம் அங்கதான். 400 யூனிட்ல நின்னா யூனிட்டுக்கு 17 சென் கழிவு. 600-க்குப் போனா 9 சென்தான். அந்தக் கழிவு மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துக் கணக்காகுது. அதாவது காடிக்கு ஏத்துற 200 யூனிட், நீ ஏற்கனவே ஃபேனுக்கும் ஃபிரிஜுக்கும் எரிக்கிற 400 யூனிட்டோட விலையையும் ஏத்திவிட்டுடும்.

400 யூனிட்: 109.72. 600 யூனிட்: 212.58. வித்தியாசம் 102.86 ரிங்கிட்.

ஆக காடி குடிக்கிற கரண்டு யூனிட் 51 சென். பில்லுல சராசரி 35 சென்னுதான் தெரியும். யூடியூப்காரங்க அந்த 35-ஐப் பிடிச்சுக்கிட்டு ஆடுறாங்க.

155-ல 103 போனா 52 மிச்சம். சொந்த வீடு, சொந்த போர்ச், சொந்த பிளக் இருக்கிறவனுக்கே மாசம் 52 ரிங்கிட்.

5 அக்டோபர் 2025, மதியம்

601-வது யூனிட்டைப் பத்தித் தனியாச் சொல்லணும். 600 வரைக்கும் 10 ரிங்கிட் ரீட்டெயில் கட்டணம் கிடையாது, மாசாமாசம் ஏறி இறங்குற எரிபொருள் சரிக்கட்டலும் கிடையாது. 601 ஆனா பத்து ரிங்கிட் வந்து உக்காந்துக்கும், கழிவும் 9-ல இருந்து 7.5-க்கு இறங்கிடும். அந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு 19 ரிங்கிட் சொச்சம். வரி தனி.

அதனால மாசக் கடைசி வாரத்துல போன்ல டிஎன்பி ஆப்பைத் திறந்து மீட்டரைப் பாக்குறது எங்க வீட்ல ஒரு சடங்கு. 580-ஐத் தாண்டிட்டா ரெண்டு நாளைக்கு சுபாங்ல வேலை செய்யுற இடத்துல சொருகிடுவேன். அங்க இன்னும் காசு வாங்கலை. வாங்க ஆரம்பிச்சா அன்னைக்கு வந்து புலம்புறேன்.

6 அக்டோபர் 2025

ரவாங் அண்ணே, புதுக் கட்டணம் இவியைக் கொன்னுடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. இல்லைண்ணே. பழைய கணக்கைப் போட்டுப் பாருங்க. முதல் 200-க்கு 21.8 சென், அடுத்த 100-க்கு 33.4, அதுக்கு மேல 600 வரைக்கும் 51.6. அப்பவும் அடிப்படைக் கட்டணத்துல மட்டும் 400-ல இருந்து 600-க்குப் போனா 103.20 ரிங்கிட்தான். இப்ப 102.86. எல்லாத்தையும் தலைகீழா மாத்தி எழுதி, கடைசியில நம்ம மாதிரி வீட்டுக்கு 34 சென் குறைஞ்சிருக்கு. அதுக்கு எத்தனை மீட்டிங் போட்டாங்களோ.

நேரத்துக்கு ஏத்த கட்டணத் திட்டம் ஒண்ணு இருக்கு. வார நாள்ல ராத்திரி 10-ல இருந்து மறுநாள் மதியம் 2 வரைக்கும், சனி ஞாயிறு முழுக்க, மின்சாரத்துக்கான 27.03 சென்னுக்குப் பதிலா யூனிட் 24.43. மத்த நேரம் 28.52. ராத்திரி சார்ஜ் பண்றவங்களுக்கு நல்லதுதான், ஆனா சாதாக் கட்டணத்தோட வித்தியாசம் 2.6 சென்தான். 200 யூனிட்டுக்கு ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக், அதோட சில்லறை. ஸ்மார்ட் மீட்டர் வேணும். இருந்தா மாத்திக்கலாம், அதுக்காக யாரையும் தொங்க வேண்டாம்.

கூரையில சோலார் போட்டவங்க இந்தக் கணக்குல சேர மாட்டாங்க. அவங்களுக்குப் பகல்ல காடி வீட்ல நிக்கணும், அவ்வளவுதான்.

8 அக்டோபர் 2025

ஈப்போ அக்கா கேட்ட கேள்வி நல்ல கேள்வி: சாதா மூணு பின் பிளக்ல சொருகலாமா?

சொருகலாம். காடியோட வர்ற கையடக்கச் சார்ஜர் 2 கிலோவாட் போல இழுக்கும். ராத்திரி பத்து மணி நேரத்துல 20 யூனிட், 120 கிலோமீட்டருக்குக் குறையாது. தினசரிக்கு இது போதும். சுவர்ல மாட்டுற 7 கிலோவாட் சார்ஜர் பெட்டி இல்லாமலே வருஷக்கணக்கா ஓட்டுறவங்க இருக்காங்க.

ஆனா பிளக்கு. சாதா சாக்கெட்டு கெட்டில் போட்டு அஞ்சு நிமிஷத்துல அணைக்கிறதுக்குச் செஞ்சது. பத்து மணி நேரம் விடாம இழுத்தா உள்ள திருகு தளர்ந்திருக்கிற இடம் சூடாகும். எங்க வீட்டுச் சாக்கெட்ல இடது பக்க ஓட்டையைச் சுத்தி லேசாத் தேன் நிறம் ஏறிச்சு. பிளக்கைப் பிடுங்கினா பித்தளைப் பின்னைத் தொட முடியலை. வயர்மேனைக் கூப்பிட்டேன். அவர் முகப்பைக் கழட்டி, ஒயர் நுனியில பிளாஸ்டிக் உருகிச் சுருண்டிருந்ததைக் காட்டிட்டு, ஒண்ணும் பேசலை. மெயின் பெட்டியில இருந்து தனி ஒயர் இழுத்து, நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் மாட்டி, அதுக்குன்னு தனி ஆர்சிடியும் (கரண்டு கசிஞ்சா தானா அறுக்கிற சுவிட்ச்) போட்டுக் கொடுத்தார். இப்ப பின் வெதுவெதுன்னுகூட ஆகுறதில்லை.

நீட்டிப்பு ஒயர்ல மட்டும் போடாதீங்க. யார் சொன்னாலும்.

பெரிய பெட்டி போடணும்னா வீட்டு மெயின் எத்தனை ஆம்ப்னு முதல்ல பாருங்க. 7 கிலோவாட்னா 32 ஆம்ப் காடியே எடுத்துக்கும். பழைய தாமான் வீடுகள்ல அதோட ஏர்கானும் வாட்டர் ஹீட்டரும் சேர்ந்தா சோப்பு போட்ட தலையோட இருட்டுல நிப்பீங்க.

11 அக்டோபர் 2025

மாமா வந்திருந்தார். காடியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். "எல்லாம் சரிப்பா, ஆனா நான் சைனா காடி மட்டும் வாங்க மாட்டேன்." சொல்லிட்டு தன்னோட புரோட்டோன் எக்ஸ்50-ல ஏறிப் போனார். அது சைனா கம்பெனி ஜீலியோட பின்யுவேன்னு சொல்ல வாய் வந்துச்சு, தீபாவளி நெருங்குதேன்னு விட்டுட்டேன்.

புரோட்டோன்ல 49.9 விழுக்காடு 2017-ல இருந்து ஜீலிகிட்ட. புரோட்டோனோட இவி இ.மாஸ்7, அடியில ஜீலி இஎக்ஸ்5. நம்ம ஊர்ல சைனா காடி எது, நம்ம காடி எதுன்னு கோடு போட முடியாது இப்போ.

22 அக்டோபர் 2025

தீபாவளிக்குத் தைப்பிங் போய்ட்டு வந்தாச்சு. கிள்ளான்ல இருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். விளம்பரத்துல என் காடிக்கு 400-க்கு மேல போட்டிருந்தாங்க, அது என்இடிசிங்கிற பழைய சோதனை முறைக் கணக்கு. புது முறையான டபிள்யூஎல்டிபி கணக்கு அதைவிடக் குறைச்சல். ஹைவேல 110-ல, ஏர்கான் போட்டு, நாலு பேர், பலகாரத் தூக்கு, மாமியாருக்கு ஒரு மூட்டை அரிசி எல்லாம் வச்சா 270, 280 வந்தாக் கும்பிடு. அதனால வழியில ஒரு சார்ஜ் கட்டாயம்.

பண்டிகைக்கு ரெண்டு நாள் முன்னால கிளம்பினோம். தாப்பாவை நெருங்கும்போது சார்ஜர் ஆப்ல பார்த்தா இரண்டு சார்ஜர் துப்பாக்கியும் காலின்னு பச்சையாக் காட்டுது. போய்ப் பார்த்தா ஒண்ணு செத்துக் கிடக்கு, இன்னொண்ணுல ஆள் இருக்கு, பின்னால மூணு காடி வரிசை. யாரோட சார்ஜர்னு கேக்காதீங்க, எல்லாக் கம்பெனியிலயும் இப்படி ஒண்ணு இருக்கும்.

முன்னால சார்ஜ் ஆகிட்டு இருந்த காடி 83 விழுக்காட்டுல நிக்குது. மெஷின் திரையில வேகம் 58-ல இருந்து 41, அப்புறம் 22, அப்புறம் 14 கிலோவாட். அந்த ஆள் உள்ளே ஏர்கான் போட்டுத் தூங்கிட்டார். 80-க்கு மேல பேட்டரி மெதுவாத்தான் எடுக்கும், கடைசி 20 விழுக்காட்டுக்கு முதல் 60-க்கு ஆன நேரமே ஆகலாம். பண்டிகைக் காலத்துல 80-ல கழட்டிட்டு நகருங்கய்யா. இதைச் சொல்ல அவர் கண்ணாடியைத் தட்டினது நான் இல்லை, எனக்குப் பின்னால நின்ன ஒரு அக்கா. அந்த அக்காவே அப்புறம் வரிசையில நின்ன எல்லாருக்கும் முறுக்கு டின்னை நீட்டினாங்க. தட்டு வாங்கின ஆளுக்கும்தான்.

எங்க முறை வர ஒரு மணி நேரத்துக்கும் மேல. காசு யூனிட்டுக்கு 1.40 கணக்கு. மத்த இடங்கள்ல 1.20-ல இருந்து 1.60 வரைக்கும் பார்த்திருக்கேன். ஹைவேல நூறு கிலோமீட்டருக்கு 16.5 யூனிட். பெருக்கிப் பாருங்க: 23 ரிங்கிட். அதே தூரம் மைவிக்கு 6 லிட்டர், 12 ரிங்கிட்.

ஊருக்குப் போற வழியில நான் கட்டினது மைவிக்காரன் கட்டினதுல ரெண்டு பங்கு. கூடவே ஒரு மணி நேரமும் போச்சு.

22 அக்டோபர் 2025, இரவு

மேல எழுதினதைப் படிச்சா அழுமூஞ்சியா இருக்கு. இன்னொரு பக்கமும் சொல்றேன். ஓட்டுறதுக்கு இது சுகமான காடி. மெனோரா சுரங்கத்துக்கு முன்னால இருக்கிற ஏத்தத்துல லோரியெல்லாம் முக்கிக்கிட்டுப் போகும்போது சத்தமே இல்லாம ஏறிடும். கண்ணெதிர்ல விழுக்காடு இறங்கும், கோலாகங்சார் பக்கம் இறக்கத்துல கொஞ்சம் திரும்பி வரும். அம்மா பின்னால படுத்துத் தூங்கிட்டே வந்தாங்க. பழைய காடியில தாப்பா வரைக்கும் இடுப்பு இடுப்புன்னு சொல்லிட்டே வருவாங்க.

திரும்பி வரும்போது தைப்பிங்ல அண்ணன் வீட்டு போர்ச்சுல ராத்திரி முழுக்கச் சொருகி 100-ல கிளப்பினோம். சிம்பாங் பூலாய்ல பதினஞ்சு நிமிஷம், வரிசை இல்லை. எல்லா நாளும் தீபாவளி இல்லை.

25 அக்டோபர் 2025

கேமரன் மலை ஏறுமான்னு கேட்ட தம்பிக்கு: ஏறும். 1,800 கிலோவை 1,400 மீட்டர் தூக்க ஏழு யூனிட் ஆகும், பள்ளிக்கூட ஃபிசிக்ஸ். வழக்கமாத் தூரத்துக்கு ஆகுறதோட அதைக் கூட்டிக்க. இறங்கும்போது பாதிக்கு மேல திரும்பி வரும். மலை உச்சியில 100-க்கு ஏத்திட்டு இறங்கினா திரும்பி வர்ற கரண்டு போக இடம் இருக்காது, அதனால 85-ல கிளம்பு.

1 நவம்பர் 2025

புரோட்டோனோட சின்ன இவி இ.மாஸ்5 வந்துடுச்சு. 59,800-ல ஆரம்பம். 30 கிலோவாட்-மணி பேட்டரி ஒண்ணு, 40 ஒண்ணு. பெயர் புரோட்டோன், உடம்பு ஜீலி ஷிங்யுவான். மாமாவுக்கு அனுப்பி வச்சேன், "பரவாயில்லையே நம்ம புரோட்டோன்"னு பதில் வந்துச்சு.

சிரிச்சு முடிச்சதும் வயித்துல லேசாப் புளி கரைச்சது. 2023 ஜூலையில பிஒய்டி டால்பின்ங்கிற சைனா இவி 99,900-க்கு வந்தப்போ, அதுதான் மலிவுன்னு கூட்டம் கூடிச்சு. ரெண்டே வருஷத்துல புதுக் காடியே 60,000. அப்ப எடுத்த எந்தக் காடிக்கும் இப்ப செக்கன்ட் விலை என்ன ஆகும்? கடையில கேட்டுப் பார்த்தேன். சொன்ன விலையை இங்க எழுத மனசு வரலை.

மாசம் 52 ரிங்கிட் மிச்சம்னு மேல போட்டிருந்தேன். வருஷத்துக்கு 624. விலை விழுந்ததுல அது எந்த மூலை. மைவி அஞ்சு வருஷம் கழிச்சும் போட்டி போட்டு வாங்குவாங்க.

அதனால இவி வாங்கறவன் ரொம்ப நாள் வச்சு ஓட்டுறதுக்கு வாங்கணும். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துற ஆளா இருந்தா பக்கத்துலயே வராதீங்க.

2 நவம்பர் 2025

ரவாங் அண்ணே வாரண்டி பத்திச் சரியாப் பிடிச்சார். பேட்டரிக்குப் பெரும்பாலும் எட்டு வருஷம் இல்ல 160,000 கிலோமீட்டர். நம்ம ஆளுங்க போடுறது ஒன்பது வருஷ லோன். கடைசி வருஷத் தவணை வாரண்டி இல்லாத பேட்டரிக்குக் கட்டுவோம்.

எனக்கு பேட்டரியைப் பத்தி அவ்வளவு பயம் இல்லை. எல்எஃப்பி வேதியியல் சூட்டையும் முழுச் சார்ஜையும் தாங்குற ரகம். வாரம் ஒரு தடவையாச்சும் 100-க்கு ஏத்தச் சொல்றாங்க, இல்லாட்டி எவ்வளவு மிச்சம்னு காடிக்கே கணக்குத் தப்பும். பயம் கம்பெனி மேல. நேட்டா விங்கிற சைனா இவி 2023-ல இங்க 99,800-க்கு வந்தது ஞாபகம் இருக்கா? சீனாவுல அதோட தாய்க் கம்பெனி 2025 ஜூன்ல திவால் நடவடிக்கைக்குள்ள போயிடுச்சு. பம்பர் உடைஞ்சா யார்கிட்ட போவீங்க? சீனாவுல இவி கம்பெனிங்க எக்கச்சக்கம், எல்லாம் பிழைக்காது. மலிவா இருக்குன்னு மட்டும் பாக்காம, பத்து வருஷம் கழிச்சும் இந்தப் பெயர்ல கடை திறந்திருக்குமான்னு பாருங்க.

15 நவம்பர் 2025

லோரி ஸ்டிக்கர் கதை. நம்ம ஊர் லோரி பின்னால வட்டமா 80, 90-ன்னு அந்த லோரியோட வேக வரம்பை ஒட்டியிருக்கும் பாருங்க. என் காடி கேமரா அதைச் சாலைப் பலகைன்னு நம்பிடும். பெடரல் ஹைவேல லோரி பின்னால போனாத் திரையில வேக வரம்பு திடீர்னு மாறி, டிங் டிங் டிங். முந்திப் போனா பழைய வரம்பு. அடுத்த லோரி, மறுபடி டிங். செட்டிங்ல அணைச்சா அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ணும்போது அதுவே போட்டுக்கும். தினமும் காடியில ஏறினதும் முதல் வேலை அதை அணைக்கிறது. சாமி கும்பிடுறது ரெண்டாவது.

29 நவம்பர் 2025

மழை. எங்க தெருவுல கணுக்கால் தண்ணி. ஸ்ரீ மூடா பக்கம் இருக்கிறவங்களுக்கு 2021 டிசம்பர் வெள்ளம் மறக்காது, கூரை மேல உக்காந்திருந்த சனம்.

தண்ணில இவி ஷாக் அடிக்குமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. பேட்டரி பெட்டி அடைச்சு மூடினது, கோளாறு தெரிஞ்சா உயர் அழுத்தத் தொடர்பு தானா அறுந்துடும். சாதாரண மழைத்தண்ணிக் குட்டைக்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனா காடி மணிக்கணக்கா மூழ்கிக் கிடந்தா அதை ஆன் பண்ணாதீங்க, சார்ஜ் பண்ணாதீங்க, தள்ளியும் பாக்காதீங்க. பிளாட்பெட் லோரியில தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. உள்ளே போன தண்ணி அப்புறமா ஷார்ட் பண்ணும்.

முக்கியமா, இன்சூரன்ஸ்ல ஸ்பெஷல் பெரில்ஸ் சேர்த்திருக்கான்னு பாருங்க. சாதா முழுக் காப்புறுதியில வெள்ளம் வராது, தனியாச் சேர்க்கணும். பேட்டரி கெட்டா காடி விலையில பெரும்பகுதி போச்சு. கிள்ளான்ல இருந்துக்கிட்டு இதுல சிக்கனம் பிடிக்காதீங்க. லட்ச ரிங்கிட் காடிக்கு இன்சூரன்ஸே மைவியைவிட அதிகம், அதுக்கு மேல இது. 52 ரிங்கிட் மிச்சம் இங்கயும் கொஞ்சம் கரையுது.

7 டிசம்பர் 2025

காடி செத்துப்போச்சு. பெரிய பேட்டரியில 71 விழுக்காடு இருக்கு, கதவு திறக்கலை.

பசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) முடிஞ்சு கையில சாப்பாடு கட்டின தாப்பாவ் பையோட நிக்கிறோம். கைப்பிடியைத் தொட்டா ஒண்ணும் இல்லை. போன்ல ஆப், ஒண்ணும் இல்லை. சாவிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இரும்புச் சாவியை எடுத்துத்தான் கதவைத் திறந்தேன். திரை கறுப்பு. விஷயம் என்னன்னா கிட்டத்தட்ட எல்லா இவியிலயும் சாதா காடியில இருக்கிற மாதிரி 12 வோல்ட் குட்டி பேட்டரி ஒண்ணு இருக்கு. பூட்டு, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் அதுல. அது போனா பெரிய பேட்டரியோட வாசலைத் திறக்க ஆள் இல்லை.

பக்கத்துல மைவியில வந்த ஒரு தம்பி ஜம்பர் ஒயர் வச்சிருந்தார். மாட்டினதும் ஒரே நொடியில திரை எரிஞ்சுது, மணி அடிச்சு "வெல்கம்" வேற சொல்லுது. தம்பி சிரிப்பை அடக்கவே இல்லை. "அண்ணே, இவிக்கு மைவி ஸ்டார்ட் கொடுக்குது" ன்னு வீடியோ எடுத்துட்டார். எங்கயாச்சும் பார்த்தீங்கன்னா அந்தச் சட்டை என்னோடதுதான்.

குட்டி பேட்டரி மாத்தியாச்சு. இந்த ஊர்ச் சூட்டுல ரெண்டு மூணு வருஷத்துல இது எந்தக் காடிக்கும் போறதுதான். ஜம்பர் ஒயர் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க, இரும்புச் சாவி எங்க ஒளிஞ்சிருக்குன்னு வீட்ல எல்லாருக்கும் காட்டி வைங்க.

8 டிசம்பர் 2025

ஈப்போ அக்கா, சர்வீஸ் செலவு கேட்டீங்க. மிச்சம் இருக்கிறது அங்கதான். இன்ஜின் எண்ணெய் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, கியர் பெட்டித் தொந்தரவு இல்லை. மோட்டாரே வேகத்தைப் பிடிச்சு நிறுத்துறதால பிரேக் பேட் தேயவே மாட்டேங்குது. ஏர்கான் ஃபில்டர், பிரேக் எண்ணெய், கூலண்ட், அவ்வளவுதான். டயர் மட்டும் சீக்கிரம் போகும், எடை அதிகம், இழுவையும் அதிகம்.

எங்க தாமான் ஃபோர்மேன் அண்ணன் என்னைப் பார்த்தா இப்பல்லாம் முகத்தைத் திருப்பிக்கிறார். அப்பா காலத்துல இருந்து அவர்கிட்டதான். போன வாரம் காத்துப் பிடிக்கப் போனேன். "டயருக்காச்சும் வந்தியே"ன்னார்.

3 ஜனவரி 2026

புது வருஷம், புதுக் கணக்கு. 2025 முடியுற வரைக்கும் இவிக்கு ரோட்டெக்ஸ் (சாலை வரி) இல்லை, இப்ப மோட்டாரோட கிலோவாட் கணக்குல உண்டு. என் மாதிரிச் சின்ன மோட்டாருக்குப் பெருசா ஒண்ணும் இல்லை.

பெரிய மாற்றம் வேற. முழுசா இறக்குமதி ஆகுற இவிக்கு இருந்த வரி விலக்கு டிசம்பர் 31-ஓட முடிஞ்சுது. இங்க பொருத்துற காடிக்கு 2027 கடைசி வரைக்கும் உண்டு. அதனால இனிமேல் மலிவு விலைன்னா இங்க பொருத்துறதுதான். செக்கன்ட் விலை கொஞ்சம் தேறும்னு ஒருத்தர் எழுதியிருக்கார். தேறட்டும். நான் அதை நம்பிச் சோறு வடிக்கலை.

14 பிப்ரவரி 2026

பூச்சோங் தம்பி திரும்பி வந்துட்டார். அவர் எழுதினதைச் சுருக்கிச் சொல்றேன்: கொண்டோ ஜேஎம்பி (நிர்வாகக் குழு) சார்ஜர் வைக்க ஒத்துக்கலை, தீ பயம்னு கூட்டத்துல ஒரு பெரியவர் எழுந்து பேசினதும் எல்லாரும் கை தூக்கிட்டாங்க. பக்கத்து மால்ல வாரம் ரெண்டு தடவை சார்ஜ் பண்ணிக்கலாம், பெரோடுவா கியூவி-இ எடுக்கட்டுமா, இ.மாஸ்5 எடுக்கட்டுமா?

தம்பி, மால்ல இருக்கிற டிசி வேகச் சார்ஜர் யூனிட் 1.40-ன்னு வை. மாசம் 185 யூனிட், 259 ரிங்கிட். உன் மைவிக்கு 155. நூறு ரிங்கிட் கூடக் கொடுத்து, வாரம் ரெண்டு சாயங்காலம் மால்ல உக்காந்து, பாப்பார்ன் வேற வாங்கணும்.

கியூவி-இ 80,000, ஆனா பேட்டரி வாடகை மாசம் 275. பேட்டரி விலையைத் தனியாத் தவணை கட்டுற மாதிரிதான் அது. உன் 1,200 கிலோமீட்டருக்குப் பிரிச்சா நூறு கிலோமீட்டருக்கு 23 ரிங்கிட், கரண்டு இன்னும் சேரலை. நிறைய ஓடுற ஆளுக்கு அது வேற கணக்கு. இ.மாஸ்5 உன் ஓட்டத்துக்குத் தாராளம், விலையும் சரி. ஆனா அதையும் எங்கயாச்சும் சொருகணுமே.

மைவியை வை. அடுத்த ஜேஎம்பி கூட்டத்துக்கு வயர்மேன் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போ, அந்தப் பெரியவருக்கு அவர் பதில் சொல்லட்டும். இன்னும் நாலு வீட்டுக்காரங்க கையெழுத்தையும் வாங்கிக்க, தனியாப் போனா வேலைக்காகாது. போர்ச் வச்ச வீடு பார்த்துட்டு இருக்கேன்னு முன்ன எழுதியிருந்தே, அது எந்த ஏரியா?

15 பிப்ரவரி 2026

வீடு ரீமாவ் பக்கம்னு எழுதியிருக்கே தம்பி, அங்க மழைக்குத் தண்ணி ஏறுமான்னு முதல்ல அக்கம்பக்கத்துல கேளு. மெயின் எத்தனை ஆம்ப்னும் கேளு.